யாரும் பரிமாறாத மேசை

வேலையை விட்டு வீட்டில் இருக்கிற எனக்கு இப்போது ஒரு நாளைக்கு ஒரு கறி போதும். சோறும் பருப்பும் இருந்தால் யாரையும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். "இண்டைக்கு எங்க சாப்பிடுவம்?" என்று யாராவது கேட்டாலே எனக்குக் களைப்பு வந்துவிடும். ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் எங்கே, என்ன சாப்பிடுவது என்று யோசித்தே என் உழைக்கிற காலம் போய்விட்டது.

போன மாதம் தர்ஷி வந்திருந்தாள். நான் விட்டுவந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். ரொறன்ரோவிலிருந்து நயாகராவுக்குப் பஸ்ஸில் போகிற கூட்டங்களுக்குச் சாப்பாட்டுக் கடை பிடித்துக் கொடுப்பது எங்கள் இருவருடைய வேலையும். ஸ்ரௌவ்வில்லில் புதிதாக வீடு வாங்கியிருக்கிறாள். கேக்கும் கையுமாக வந்து இருந்தவள், போனை என் முகத்துக்கு நேரே நீட்டி நட்சத்திரங்களைக் காட்டினாள். இந்தக் கடைக்கு நாலரை, அந்தக் கடைக்கு நாலு. "உதொண்டும் இல்லாமல் நீங்கள் எப்பிடி அன்ரி பிக் பண்ணினீங்கள்? லைக், ரான்டமாவோ?" என்று கேட்டாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. ரான்டமாம்! ஆனால் கேக் கொண்டுவந்த பிள்ளையோடு கோபித்து என்ன காணப்போகிறேன். இரு, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன் என்று எழும்பிப் போனேன். அவளுக்குச் சொன்னதும், முழங்கால் நோவில் சொல்லாமல் விட்டதும் சேர்ந்ததுதான் இது.

கனடாவுக்கு வந்த புதிதில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சமையற்கூடத்தில் சான்ட்விச் சுற்றினேன். பிறகு ஒரு தொழிற்சாலை. அது மூடியபோது, ஸ்காபரோவில் ஒரு சின்ன பஸ் கொம்பனியில் தமிழ் கதைக்க ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் சனம் அப்போதுதான் ஊர் பார்க்கத் தொடங்கியிருந்தது. இலண்டனிலிருந்தும் யேர்மனியிலிருந்தும் கோடையில் உறவுகள் வந்து இறங்குவார்கள். வந்தவர்களை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் பெரிய குறையாகப் போய்விடும். போன் எடுக்கத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். கொஞ்ச நாளில் சாப்பாட்டுப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

தலையில் போட்டவர் மார்த்தா. கொம்பனி அவருடையது. ஹங்கேரியிலிருந்து இளம் வயதில் வந்தவர். எந்தக் காலத்திலும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு, வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ற். சிரிக்கமாட்டார், ஏசவும் மாட்டார். நான் ஏதாவது சரியாகச் செய்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. பிழையாகச் செய்தால் பெப்பர்மின்ற்றை மற்றக் கன்னத்துக்கு மாற்றுவார். அந்தச் சத்தத்துக்கு நான் என் மாமியாருக்குக்கூடப் பயப்படாத அளவு பயந்தேன்.

கடை பார்க்கிறதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பனிக்காலத்தில், சனமில்லாத திங்கட்கிழமைகளில்தான் நயாகராவுக்குப் போவோம். முதலில் மெனுவைப் பார்க்கவே மாட்டார். கழிப்பறை எங்கே என்று கேட்பார். படி இறங்கவேண்டும் என்றால் கிழவர்களுக்கு அந்தக் கடை சரிவராது. அடுத்தது வாசல். காசினோ திறந்த பிறகு இதுதான் பெரிய தலையிடி. சில சாப்பாட்டுக் கூடங்களுக்குப் போகவேண்டுமானால் சூதாட்ட மெசின்களுக்கு நடுவால்தான் போகவேண்டும். சின்னப் பிள்ளைகளை அதற்குள் விடமாட்டார்கள். சில குடும்பங்கள் தாங்களாகவே போகமாட்டார்கள். ஆகவே தெருப்பக்கம் தனி வாசல் உண்டோ என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒரு சூப் மட்டும் எடுப்பார். சூப்பையும் பாதியில் விட்டுவிட்டு எழும்பி, அழுக்குத் தட்டுகள் குசினிக்குத் திரும்பிப் போகிற கதவடியில் போய் நிற்பார்.

"வெளியே போகிற தட்டு எந்தக் கடையிலும் வடிவாகத்தான் இருக்கும். திரும்பி வருகிற தட்டைப் பார்," என்று அவர் எனக்குச் சொன்னார். சனம் எதை மிச்சம் விடுகிறது, எதை ஒளித்து நப்கினால் மூடுகிறது, எந்தத் தட்டு துடைத்தமாதிரி வருகிறது. அங்கே நின்று பார்த்தால் கடைக்காரனின் வாய்ப்பேச்சு ஒன்றும் தேவைப்படாது.

கூட்டத்தைப் பதிவு செய்யும்போது கேட்க இரண்டே இரண்டு கேள்விகள் சொல்லித் தந்தார். ஒன்று, என்ன சாப்பிடமாட்டார்கள்? இரண்டு, யாரோடு இருந்து சாப்பிடமாட்டார்கள்? இரண்டாவது கேள்வியை முதல்தரம் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். பெப்பர்மின்ற் மறுகன்னத்துக்குப் போனது. போகப்போகத்தான் விளங்கியது, முதற்கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காமல் கெட்டுப்போன பயணங்களை விட இரண்டாவதால் கெட்டுப்போனவைதான் கூட.

கூட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். சூதாட என்றே வருகிறவர்களுக்கு நல்ல கடை பிடித்துக் கொடுத்தால் ஏசுவார்கள். மெசினை விட்டு எழும்ப மனமில்லாத சனம். கையில் பிடித்துக்கொண்டு சாப்பிட ஏதாவது இருந்தால் அவர்களுக்குப் போதும். முதியோர் சங்கத்துக்குப் பல் வேலை வைக்காத சாப்பாடு வேண்டும். கோயில் கூட்டம் வெள்ளிக்கிழமையில் வந்தால் கேக்கில் முட்டை இருக்குமோ என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்யும். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் காலையில் பெரிய எடுப்பில் "இங்கத்தையான் சாப்பாடு சாப்பிட்டுப் பாப்பம்" என்பார்கள். மத்தியானம் தாண்டினால் சோறு எங்கே என்று என் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஹனீபா நானாவை மறக்கமாட்டேன். மின்சார வேலை செய்கிறவர், வருடத்துக்கு ஒருமுறை தன் ஆட்களின் குடும்பங்களைச் சேர்த்து ஒரு பஸ் எடுப்பார். நான் முதல்முறை பெருமையாக, நானா, ஹலால் கோழி கிடைக்கிற இடம் கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். மனிசன் அமைதியாகக் கேட்டார்: "கோழி சரி தங்கச்சி. அந்தப் பொரிக்கிற எண்ணெயில முன்னுக்கு என்னத்தப் பொரிச்சாங்க எண்டு கேட்டீங்களா?" நான் கேட்டிருக்கவில்லை. மார்த்தாவிடம் சொன்னேன். அவர் அடுத்தநாளே கோட்டை மாட்டிக்கொண்டு போய் அந்தக் குசினிக்குள் புகுந்து, எண்ணெய்ச் சட்டி ஒவ்வொன்றையும் காட்டச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடை வேண்டாம் என்று வந்துவிட்டார். கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு லெபனான்காரர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நானா அங்கே இரண்டாம்தரம் சோறு வாங்கினார்.

இதெல்லாம் வாயாலும் வயிற்றாலும் வருகிற பிரச்சினை. தேடினால் ஒரு வழி அகப்படும். நான் சொல்லவந்தது வேறொன்று.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை. கனகலிங்கம் அண்ணை போன் எடுத்தார். அஜக்ஸில் வீடு வாங்கி, அந்தக் கடனுக்காகப் பகலும் இரவுமாக உழைத்துக்கொண்டிருந்தவர். ஊரில் எனக்கு முகம் தெரிந்த குடும்பம். மகள் சுகந்திக்கு யேர்மனியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது, மாப்பிள்ளை பகுதி இங்கே உறவுக்காரர் வீட்டில் வந்து நிற்கிறார்கள், வீட்டுக்குக் கூப்பிட்டுப் பெண்ணைக் காட்டுகிறதை விட்டுவிட்டு, சும்மா ஊர் பார்க்கப் போகிற மாதிரி இரண்டு பகுதியும் சேர்ந்து ஒரு சின்ன பஸ்ஸில் நயாகராவுக்குப் போகலாம் என்று பேசியிருக்கிறோம் என்றார். சாப்பாடு மட்டும் பெரிதாக இருக்கவேண்டுமாம். நீர்வீழ்ச்சி தெரிகிற மாதிரி, வெள்ளை மேசைவிரிப்புப் போட்ட இடம். முழுச் செலவும் அவருடையது.

"அவை மாட்டம் எண்டு சொல்ல ஏலாத மாதிரி ஒரு இடமாப் பாரும் தங்கச்சி. உமக்கு விளங்கும்தானே," என்றார்.

விளங்காமல் என்ன. எங்கள் சனத்துக்குள் சம்பந்தம் பேசப் போகிற இடத்தில், பேச்சு முற்றாகும்வரை கை நனைக்கமாட்டார்கள். ஒரு தேத்தண்ணி, மிஞ்சினால் ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். வைத்துவிட்டுப் பிறகு மாட்டோம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அண்ணை அவர்களைப் பசியில் நடக்கவிட்டு, நல்ல கடை ஒன்றில் தன் செலவில் இருத்தி, அந்தக் கையை எப்படியாவது நனைத்துவிடப் பார்க்கிறார்.

அன்று பின்னேரமே மாப்பிள்ளையின் தாய் பரமேஸ்வரி அக்கா போன் எடுத்தா. என் நம்பரை யாரிடமோ வாங்கியிருக்கிறா. குரலைக் கேட்டதும் இடக்குப் பிடித்த மனிசி என்று நினைத்தேன். அவரவர் காசை அவரவர் கட்டுகிற இடமாகப் பார்க்கச் சொன்னா. நான் இழுத்தேன். அவ விளங்கப்படுத்தினா:

"குறை நினையாதையும் தங்கச்சி. இவர் அங்க யேர்மனியில. அவரைக் கேக்காமல் நான் ஒரு முடிவு சொல்ல ஏலாது. சாப்பிட்டிட்டு நாளைக்கு வேண்டாம் எண்டு வந்தால் அந்தப் பிள்ளைக்கெல்லோ பழி. அதாலதான் சொல்லுறன்."

போனை வைத்த பிறகு என் மேலேயே எனக்கு வெட்கமாக இருந்தது. இடக்கு இல்லை, நீதியான மனிசி.

இரண்டு பக்கமும் இழுத்தால் நடுவில் நிற்கிறவளுக்குத்தான் தலையிடி. எள்ளுத்தான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை ஏன் காயவேண்டும் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். அடுத்தநாள் வேலை முடிந்து சுகந்தியே அலுவலகத்துக்கு வந்து நின்றாள். இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்கிற பிள்ளை, அந்த உடுப்போடேயே வந்திருந்தாள். முப்பதை எட்டிப் பிடிக்கிற வயது. முகத்தில் ஒரு பவுடர்கூட இல்லை. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, எந்தப் பூச்சும் இல்லாமல் சொன்னாள்.

இதற்கு முதல் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்தவர்கள். ஒவ்வொரு முறையும் தாய் மலர் அக்கா முதல்நாளே தொடங்கி, கோழி, இறால், கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு என்று சமைத்து வைப்பா. சமைக்காவிட்டால் மரியாதை இல்லை. வந்தவர்கள் கை நனைக்காமல் போவார்கள். பிறகு அந்தச் சாப்பாட்டை டப்பாக்களில் போட்டு பிறீசரில் வைத்து, சுகந்திதான் கிழமைக்கணக்கில் வேலைக்குக் கட்டிக்கொண்டு போவாளாம். "என்னை வேண்டாமெண்டதை நானே சூடாக்கிச் சூடாக்கிச் சாப்பிடுறன் அன்ரி," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் வந்தது அதற்கு இல்லை. மலர் அக்காவுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் ஊசி போடுகிறவ. மாப்பிள்ளை பகுதி சாப்பிடாமல் போனால் அன்றைக்கு அவவும் வாயில் ஒன்றும் வைக்கமாட்டா. நேர்த்திபோல ஒரு பிடிவாதம். போனமுறை ஊசியும் போட்டு, சாப்பிடாமல் கிடந்து, குசினியில் விழுந்து, அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். "எனக்குச் சரிவருதோ இல்லையோ, அது பிறகு. அம்மா அண்டைக்குச் சாப்பிட வேணும். அதுக்கேத்த இடமா ஒண்டு பாருங்கோ," என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள்.

மூன்று பேருடைய கதையையும் நான் மார்த்தாவிடம் சொன்னேன். சம்பந்தம், கை நனைத்தல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த எனக்கு நாக்கு வறண்டுபோனது. அவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர், அந்த மேசை யாருடைய மேசை என்பதுதானே உங்கள் பிரச்சினை என்றார். ஓம் என்றேன். அப்படியானால் யாருடைய மேசையாகவும் இல்லாத இடம் ஒன்று வேண்டும் என்றார்.

காசினோவை ஒட்டிய ஹோட்டல் ஒன்றில் புதிதாக ஒரு பஃபே தொடங்கியிருந்தார்கள். தெருப்பக்கம் தனி வாசல். சோறும் உண்டு, கோழியும் உண்டு, மரக்கறியும் உண்டு. அவரவர் தட்டை அவரவர் எடுத்து, வரிசையில் நின்று, வேண்டியதைப் போட்டுக்கொண்டு வருவது. பரிமாற ஆளில்லை, உபசரிக்க ஆளில்லை. சாப்பாட்டையும் அவரவர் காசில் வாங்குகிற பஸ் ரிக்கற்றோடு சேர்த்து, ஏறும்போதே ஒவ்வொருவர் கையிலும் ஒரு கூப்பன் கொடுத்துவிட்டால் சரி. அப்படிச் சாப்பிட்டால் அது பஸ் கொம்பனியின் சாப்பாடு. யார் வீட்டிலும் கை நனைத்ததாகாது. நான் பார்த்த கடைகளிலேயே அதைப் போல ஒன்றுக்கும் அர்த்தமில்லாத சாப்பாட்டுக் கூடத்தைக் கண்டதில்லை. அதுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது.

பரமேஸ்வரி அக்கா உடனே ஓம் என்றா. கனகலிங்கம் அண்ணையோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பொம்பிளைப் பிள்ளையின் தகப்பன் தான், கூப்பிட்டுவிட்டுக் கூப்பனைக் கையில் கொடுக்கிறதோ என்று நின்றார். மலர் அக்காவின் வருத்தத்தைச் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். அதுவும் அரை மனதோடுதான்.

அன்று நல்ல வெயில். மார்த்தாவும் வந்தார். புதுக் கடை என்றால் முதற்கூட்டத்தோடு அவர் வராமல் இருக்கமாட்டார். காலையில் பஸ்ஸில் கொம்பனி கொடுத்தது மாட்டிறைச்சி ரோல் இல்லை, ஆட்டிறைச்சி ரோல்தானே என்று கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டு பரமேஸ்வரி அக்கா ஒன்று சாப்பிட்டா. பிறகு எல்லோரும் படகில் ஏறி நீர்வீழ்ச்சிக்குக் கிட்டப் போனார்கள். அங்கே தருகிற பொலித்தீன் மழைக்கோட்டில் சுகந்திக்குக் கிடைத்தது தோளில் கிழிந்திருந்தது. மாப்பிள்ளைப் பெடியன் ரமணன் தன்னுடையதைக் கழற்றி நீட்டினான். அவள் வாங்க யோசித்தாள். அவன் அதை மலர் அக்காவின் கையில் கொடுத்து, அவளிடம் கொடுக்கச் சொன்னான். பிறகு தெப்பமாக நனைந்துகொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நின்றான். சுகந்தி முதல்தரம் அவனைப் பார்த்துச் சிரித்தாள். நான் அதைக் கண்டேன். மலர் அக்காவும் கண்டா. அந்த மனிசியின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பஃபேக்கு வந்தோம். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிள்ளைகள் ஐஸ்கிறீமுக்கு ஓடினார்கள். பெரியவர்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பரமேஸ்வரி அக்காவும் தட்டை எடுத்து, ஒரு கரண்டி சோறு போட்டுவிட்டா. ரமணன் தலைமயிர் இன்னும் சொட்டச் சொட்ட, தட்டை நிரப்பிக்கொண்டு மேசைக்குப் போனான். இரண்டு ஆள் பின்னால் மலர் அக்கா, கண்ணை எடுக்காமல் பரமேஸ்வரி அக்காவின் தட்டையே பார்த்துக்கொண்டு. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன்.

கனகலிங்கம் அண்ணையால் தாங்க முடியவில்லை. விருந்துக்கு வந்தவர்கள் கையில் தட்டேந்தி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அந்த மனிசனால் ஏலாது. ஓடிப் போய் பரமேஸ்வரி அக்காவின் கையிலிருந்து தட்டை வாங்கினார்.

"நீங்கள் ஏன் சம்மந்தி லைனில நிண்டு கஸ்ரப்படுறியள்? போய் இருங்கோ, நான் கொண்டு வாறன்."

சம்மந்தி என்ற சொல்லோடு அங்கே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவனிக்கவில்லை. கோழியிலும் நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டு, இரண்டு கையாலும் கொண்டுவந்து அவ முன்னால் வைத்தார். நானும் மார்த்தாவும் மெனக்கெட்டு யாருடையதுமில்லாமல் ஆக்கிவைத்த மேசையை, மனிசன் ஒரு நிமிஷத்தில் தன் வீட்டு மேசையாக்கிவிட்டார். அவரை ஏசவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் அப்படி வளர்ந்தவர்.

பரமேஸ்வரி அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டா. "குறை நினையாதையுங்கோ அண்ணை. எனக்கு இண்டைக்கு விரதம்," என்றா. காலையில் அவ சாப்பிட்ட ரோலை முழு பஸ்ஸும் பார்த்திருந்தது. அவவின் ஆட்கள் ஒவ்வொருவராகக் கரண்டியை வைத்தார்கள். ரமணன் தாயைப் பார்த்தான். பிறகு தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

மலர் அக்கா தட்டை மேசையில் வைத்துவிட்டு இருந்துவிட்டா. நான் தோடம்பழச் சாறு ஒன்று கொண்டுபோய் நீட்டினேன். பசியில்லை விமலா என்றா. மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. சேலைத் தலைப்பைப் பிடித்த விரல்கள் நடுங்கின. காலையில் ஊசி போட்டாச்சு என்று சுகந்தி பஸ்ஸிலேயே எனக்குச் சொல்லியிருந்தாள். கனகலிங்கம் அண்ணை தான் என்ன செய்தோம் என்று விளங்கி, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அண்ணை, அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கோ என்றேன். சுகந்தி தாயின் பக்கத்தில் குந்தியிருந்து, கெஞ்சினாள், அதட்டினாள். தாய் தலையை ஆட்டி, கண்ணால் எதிர்ப்பக்கத்தைக் காட்டினா. அவை முதலில் சாப்பிடட்டும் என்பதுபோல.

சுகந்தி எழும்பினாள். மேசையைச் சுற்றிப் போய் பரமேஸ்வரி அக்காவுக்கு முன்னால் நின்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அன்ரி, எனக்கு உங்கட மகனைக் கட்ட விருப்பமில்லை. பேச்சு முடிஞ்சுது. இனி நீங்கள் சாப்பிடலாம்."

பரமேஸ்வரி அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தா. கோபப்படுவா என்று நினைத்தேன். அவவின் கண் சுகந்தியைத் தாண்டி, மலர் அக்காவின் நடுங்குகிற கைக்குப் போய், திரும்பி வந்தது. கரண்டியையும் முள்ளையும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தா. தட்டை இழுத்து, அந்த ஹோட்டலில், அத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில், கையால் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தா. பிறகு மலர் அக்காவைப் பார்த்து, "சாப்பிடுங்கோ அக்கா. பிள்ளை சொல்லிப்போட்டாள்," என்றா.

மலர் அக்கா அழுதுகொண்டே சாப்பிட்டா. முதலில் அந்தச் சாறு, பிறகு சோறு. சுகந்தி பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயின் கை நடுக்கம் நின்ற பிறகுதான் தானும் போய் ஒரு தட்டு எடுத்தாள். கனகலிங்கம் அண்ணை வெளியே போய் நின்றுவிட்டு வந்து, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அந்த மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

மார்த்தா வழக்கம்போல அழுக்குத் தட்டுகள் போகிற கதவடியில் நின்றார். நானும் போய் நின்றேன். எங்கள் மேசைத் தட்டுகள் வந்தன. பரமேஸ்வரி அக்காவுடையது எலும்பு மட்டும். மலர் அக்காவுடையது வெறுந்தட்டு. ஒன்றுதான் போட்டது போட்டபடி, ஒரு பருக்கைகூடக் குறையாமல் வந்தது. மார்த்தா அதை நிறுத்தி, கோழியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்துப் பார்த்தார். இதில் என்ன பிழை என்று என்னிடம் கேட்டார். சாப்பாட்டில் ஒரு பிழையும் இல்லை என்றேன். அவர் திரும்பி மேசையைப் பார்த்தார். அங்கே நனைந்த தலையோடு இருந்த பெடியனுக்கு முன்னால் மட்டும்தான் தட்டு எடுத்த இடம் வெறுமையாக இருந்தது. மற்றவர்கள் இனிப்பில் இருந்தார்கள். மார்த்தா ஒன்றும் சொல்லவில்லை. பெப்பர்மின்ற்றும் அசையவில்லை.

பிறகு அவர்களுக்கு என்ன நடந்தது என்று தர்ஷி கேட்டாள். எனக்குத் தெரியாது. யேர்மனிக்காரர் கிழமைக்குள் திரும்பிப் போனார்கள். கனகலிங்கம் அண்ணை அஜக்ஸ் வீட்டை விற்றுவிட்டு ஒஷாவாப் பக்கம் போனதாகக் கேள்வி. என்னோடு அவர் பிறகு பேசவில்லை. அந்தப் பஃபேக்கு நான் எத்தனையோ கூட்டங்களைக் கூட்டிக்கொண்டு போனேன். சனம் நன்றாகச் சாப்பிட்டது. எனக்குத்தான் அந்தக் கூடத்துக்குள் காலை வைத்தால் அலுப்பு வந்துவிடும். தர்ஷி போனில் தேடிப் பார்த்து, அதற்கு இப்போது மூன்றரை நட்சத்திரம் என்றாள்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வழக்கம்போல முன்சீற்றில் இருந்தேன். எனக்குப் பின்னால் சுகந்தி ஜன்னலோரம், மலர் அக்கா அவள் தோளில் சாய்ந்து நித்திரை. மாப்பிள்ளை பகுதி கடைசிச் சீற்றுகளில். ஹமில்ற்றன் தாண்டும்போது சுகந்தி முன்னால் குனிந்து, தாய் எழும்பாத மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாரும் சாப்பிட்டவையோ அன்ரி?"

அவளிடம் மூடி மறைக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. "ஓம் பிள்ளை. ஒரு தட்டு மட்டும் அப்பிடியே திரும்பி வந்தது," என்றேன்.

யாருடையது என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பொலித்தீன் மழைக்கோட்டு அவள் மடியில் இருந்தது. எல்லோரும் படகடியில் குப்பைக்குள் போட்டுவிட்டு வந்த சாமான். அதைச் சின்னதாக மடித்து, கைப்பைக்குள் வைத்து மூடினாள்.